மணிக்கூட்டுக்காரரின் பெட்டி

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தபோது செயலாளர் அக்கா, "நீரிழிவும் கண்ணும் எண்டு ஏதாவது பேசுங்கோ, எல்லாருக்கும் பிரயோசனமாய் இருக்கும்" என்றார். நீரிழிவு உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அக்கா கேட்டதைச் சொல்லிவிட்டேன். இனி நான் பேச விரும்பியதைப் பேச அனுமதி தாருங்கள்.

பல வருடங்களாக நான் பழைய மணிக்கூட்டுத் தொழிற் கருவிகளைச் சேர்த்து வருகிறேன். மணிக்கூடுகளை அல்ல, அவற்றைத் திருத்தியவர்களின் கருவிகளை. நயினாதீவில் எங்கள் அம்மம்மாவின் வீட்டில், வடக்குப் பக்க அறையில் அவை இருக்கின்றன. குறிகட்டுவானில் படகேறி நாகபூஷணி அம்மன் கோயிலுக்கு வரும் என் சிநேகிதிகள் சிலர் அந்த அறையைப் பார்த்துவிட்டு, "உனக்கேன் இந்த வேலை?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நான் முன்பு சொன்ன பதில் ஒன்று. இப்போது சொல்லும் பதில் வேறு. இரண்டுக்கும் இடையில் நடந்ததுதான் இன்றைய பேச்சு.

முன்பு சொன்ன பதில் இது. நான் கண் சத்திரசிகிச்சை செய்பவள். கண்ணில் நாங்கள் தைக்கும் மிக மெல்லிய நூலின் தடிப்பு 0.03 மில்லிமீற்றருக்கும் குறைவு. அப்படியான நூலைப் பிடிப்பதற்கு உலகெங்கும் சத்திரசிகிச்சைக் கூடங்களில் பயன்படும் சாவணங்களில் ஒன்று, டுமோன் 5ஆம் இலக்கம். அது சுவிற்சர்லாந்தில் மணிக்கூட்டுத் தொழிலாளருக்காக உருவான சாவணம். 1960களில் நுணுக்குக்காட்டியின் கீழ் மிகச் சிறிய இரத்தக் குழாய்களைத் தைக்கத் தொடங்கிய சத்திரசிகிச்சை நிபுணர்களுக்கு அந்த வேலைக்கென்று ஆயுதங்கள் இருக்கவில்லை. நகைத் தொழிலாளரும் மணிக்கூட்டுத் தொழிலாளரும் பிடித்த சாவணத்தைத்தான் அவர்களும் பிடித்தார்கள். அதற்கும் முன்னர், 1707இல், ஜோன் புளோயர் என்ற ஆங்கில வைத்தியர் நாடித் துடிப்பை எண்ணுவதற்கென்றே ஒரு நிமிடம் ஓடும் மணிக்கூடு ஒன்றைச் செய்வித்து, அதைப் பற்றி நூலும் எழுதினார். வைத்தியரின் கையில் விநாடியைக் கொடுத்தவர் மணிக்கூட்டுக்காரர். ஆகவே, "எங்கள் தொழிலின் தாய்வீட்டுச் சாமானைச் சேர்க்கிறேன்" என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

அந்தச் சாமான்கள் என்னவென்று தங்கைமாருக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கைமணிக்கூட்டின் உள்ளே முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருக்கும் ஒரு சில்லு இருக்கிறது. பழைய கைமணிக்கூடுகள் பலவற்றில் அது விநாடிக்கு 5 தடவை துடிக்கும். ஒரு நாளைக்கு 4,32,000 துடிப்பு. அந்தச் சில்லின் அச்சு முனை ஏறக்குறைய ஒரு தலைமயிரின் தடிப்புத்தான். மணிக்கூடு கீழே விழுந்தால் அந்த முனை முறியும். முறிந்தால் புதிய அச்சைக் கடைந்து எடுக்க வேண்டும். பழைய தொழிலாளர் அதை வில்லால் கடைந்தார்கள். எங்கள் தச்சர் துறப்பணம் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒரு கையில் சிறிய வில்; அதன் நாண் அச்சைச் சுற்றியிருக்கும்; மறு கையில் உளி. வில்லை இழுக்கும்போது அச்சு ஒரு பக்கம் சுழலும், தள்ளும்போது மறு பக்கம் சுழலும். ஒரு பக்கச் சுழற்சியில் மட்டும் உளி வெட்ட வேண்டும். மறு பக்கம் சுழலும்போது மயிரிழை அளவு விலக வேண்டும். மூச்சு விடுவதுபோல அது கைக்குப் பழக வேண்டும். கடைந்த அச்சைச் சில்லில் இறுக்க, துளைத் தட்டும் அடிகம்பிகளும் கொண்ட ஒரு பெட்டி இருக்கிறது. சில்லின் எந்தப் பக்கம் பாரம் கூட என்று பார்க்க, இரண்டு மாணிக்கக் கல் விளிம்புகள் கொண்ட ஒரு சிறு தராசு இருக்கிறது. பெரிய சுருள்வில்லைக் கை படாமல் சுற்றி அடக்க இன்னொரு கருவி இருக்கிறது.

இவற்றையெல்லாம் நான் வாங்கினேன், துடைத்தேன், பெயர் எழுதி அடுக்கினேன். தீவின் உப்புக் காற்று உருக்கைத் தின்றுவிடும் என்பதால் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு கற்பூரத் துண்டு வைத்தேன். கற்பூரம் துருவைத் தடுக்கும் என்பது பழைய தொழிலாளரின் வழக்கம். ஆனால் ஒரு கருவியையாவது கையில் எடுத்து நான் ஒரு வேலையும் செய்ததில்லை.

சில வருடங்களுக்கு முன்னர், பழைய இரும்பும் பித்தளையும் வாங்கும் வியாபாரி ஒருவர் யாழ்ப்பாணத்தில் என்னிடம் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்தார். திறந்ததும் எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. 1791இல் தொடங்கிய பேர்ஷோன் நிறுவனத்தின் அடிகம்பிப் பெட்டி, ஜேர்மனியின் போலி நிறுவனத்துச் சிறு கடைச்சல், டுமோன் சாவணங்கள் எல்லாம் இருந்தன. அவற்றோடு நிறையக் குப்பையும் இருந்தது. குடைக்கம்பித் துண்டுகள், சைக்கிள் கம்பிகள், பனை வைரத்தில் செருகிய தையல் ஊசிகள், ஒரு கட்டு ஈர்க்கு, உலர்ந்த நெட்டித் துண்டுகள், மூங்கில் சிலாகையில் தூண்டில் நூல் கட்டிய ஒரு வில், பழந்துணியில் சுற்றிய எரிந்துபோன மின்குமிழ் ஒன்று. மின்குமிழின் பித்தளை மூடி கழற்றப்பட்டு வாயில் மெழுகு பூசியிருந்தது. பெட்டி மூடியின் உட்புறத்தில், பழைய கலண்டரில் வெட்டிய அம்மன் படம் ஒட்டியிருந்தது. படத்தை மட்டும் அப்படியே விட்டேன். பெயர் பொறித்த கருவிகளை எடுத்துத் துடைத்து வைத்தேன். மற்றதெல்லாவற்றையும் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டேன்.

அதன் பிறகு சில மாதங்கள் கழித்து, எண்பதை எட்டிய ஐயா ஒருவர் என் கிளினிக்குக்கு வந்தார். அவர் விருப்பத்தோடுதான் இதை இங்கே சொல்கிறேன். பெயரை மட்டும் தவிர்க்கிறேன். இரண்டு கண்ணிலும் கண்புரை முற்றியிருந்தது. கண்புரைச் சத்திரசிகிச்சையில் மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை ஒன்றை வைக்கிறோம். நாம் பிறந்தபோது இருந்த வில்லை தூரத்துக்கும் கிட்டத்துக்கும் தானாகவே மாறிக்கொள்ளும். நாங்கள் வழக்கமாக வைக்கும் செயற்கை வில்லை அப்படி மாறாது. ஆகவே தூரப் பார்வைக்கா, கிட்டப் பார்வைக்கா என்று வைத்தியர் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலானோருக்குத் தூரத்துக்கு வைத்து, வாசிக்கக் கண்ணாடி கொடுப்போம். அதற்கு முன் தொழிலைக் கேட்பது வழக்கம்.

"ஐயா, என்ன வேலை செய்யிறனீங்கள்?"

"இப்ப ஒண்டுமில்லை டொக்டர். சும்மா இருக்கிறன்."

தொழில் இல்லை என்று எழுதினேன். வலது கண்ணில் தூரத்துக்கான வில்லையை வைத்தேன். சத்திரசிகிச்சை நன்றாக நடந்தது.

ஒரு கிழமை கழித்து வந்தபோது, மற்றக் கண்ணின் இமையில் ஒரு மயிர் உள்நோக்கி வளர்ந்து உறுத்திக்கொண்டிருந்தது. சாவணத்தால் அதைப் பிடுங்கினேன். உடனே ஐயா, "அதை ஒருக்கால் தாங்கோ" என்று கையை நீட்டினார். கொடுத்தேன். இரண்டு விரலுக்கு இடையில் அவர் அதை ஏந்திய விதத்தைப் பார்த்ததும், இது பழகிய கை என்று எனக்குப் புரிந்துவிட்டது. தன் முழங்கையில் இருந்த மயிர் ஒன்றை அதனால் பிடித்து இழுத்தார். மயிர் நழுவியது.

"அஞ்சாம் நம்பர். நல்ல சாமான். நுனிதான் ஒட்டேல்லை. எண்ணெய்க்கல்லிலை ரண்டு இழுவை இழுத்தாச் சரி."

"நீங்கள் மணிக்கூடு திருத்தினனீங்களோ ஐயா?"

"நாப்பது வரியம். டொக்டருக்கு எந்த இடம்?"

"நயினாதீவு."

"நயினாதீவோ! நீர் ஆற்றை பிள்ளை?"

நான் அம்மப்பாவின் பெயரைச் சொன்னேன். பிறகு அவருக்கு நான் டொக்டர் இல்லை; பிள்ளைதான். அவரும் எங்கள் தீவுக்காரர். பட்டணத்தில் கடை வைத்திருந்தவர். 1990, 1991 காலத்தில் தீவுப்பகுதிச் சனம் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது குடும்பத்தைப் பட்டணத்துக்கு எடுத்துக்கொண்டார். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழுந்து நாவற்குழிப் பாலத்தால் நடந்த இரவில், சோற்றுப் பானையை விட்டுவிட்டுக் கருவிப் பெட்டியைத் தூக்கினாராம். "மனிசி அதைச் சொல்லிச் சொல்லியே செத்தவ" என்றார்.

"இப்ப அந்தப் பெட்டி எங்க ஐயா?"

"வீடு மாறேக்கை பெடியன் வித்துப்போட்டான். அவனிலை பிழையில்லை. கண் தெரியாதவனுக்கு என்னத்துக்குப் பெட்டி? மூடிக்குள்ளை அம்மாளின்ரை படம் ஒண்டு ஒட்டியிருந்தனான். அதுதான் மனதுக்குக் கவலை."

பெட்டி என்னிடம் இருக்கிறது என்று நான் அன்றைக்குச் சொல்லவில்லை. வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள் என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்ட சாட்டு. உண்மை என்னவென்றால், அந்தப் பெட்டியைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு கிழமை அதை மனதில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இதை இந்த மேடையில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சேகரிப்பு என்ற ஆசை ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று நீங்கள் அறிய வேண்டும்.

அந்த இரண்டு கிழமையும் எனக்குத் திரும்பத் திரும்ப வந்த நினைவு, இந்தப் பாடசாலையின் மணி. என் வயதுக்காரருக்கு ஞாபகம் இருக்கும். 1990 ஆனியில் போர் மீண்டும் தொடங்கியதன் பின்னர் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. தடை செய்த பொருட்களில் பற்றரியும் ஒன்று. றேடியோ கேட்கச் சைக்கிள் டைனமோவைச் சுற்றினோம். மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். பற்றரி மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. 1969இல் ஜப்பானில் சீக்கோ நிறுவனம் முதலாவது குவாட்ஸ் கைமணிக்கூட்டை விற்பனைக்கு விட்ட பிறகு, சுவிற்சர்லாந்திலேயே மணிக்கூட்டுத் தொழிலாளரில் மூன்றில் இரண்டு பங்கினர் இருபது வருடத்துக்குள் வேலை இழந்தார்கள். உலகம் முழுவதும் சாவி கொடுக்கும் மணிக்கூட்டை மேசை லாச்சிக்குள் போட்ட காலத்தில், நாங்கள் மட்டும் அதை லாச்சியிலிருந்து திருப்பி எடுத்தோம். இங்கே மணி அடிப்பதற்கு ஆசிரியை ஒருவரின் சாவி கொடுக்கும் கைமணிக்கூட்டைத்தான் பார்த்தார்கள். தவணைப் பரீட்சைக்கும் அதே மணிக்கூடுதான். அது நின்றால் யாரோ ஒருவர் திருத்திக் கொடுத்தார். அவர் யார் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டாவது கண்ணுக்கு நாள் குறித்தபோது கேள்வியை மாற்றினேன்.

"ஐயா, இந்தக் கண்ணாலை என்ன பாக்க விருப்பம்?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "கடலைப் பாக்க மற்றக் கண் காணும் பிள்ளை. இது கிட்ட வேலைக்கு விடும்."

இடது கண்ணில், ஒரு அடி தூரத்தில் தெளிவாகத் தெரியும்படியான வில்லையை வைத்தேன். முதல் நாள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேனே தவிர, என்ன செய்ய ஆசை என்று கேட்கவில்லை. இப்போது கிளினிக்குக்கு வரும் ஒவ்வொரு முதியவரிடமும் அதைக் கேட்கிறேன்.

ஆனித் திருவிழாவுக்கு ஐயா தீவுக்கு வந்தார். வீட்டுக்குக் கூட்டிவந்து பெட்டியை முன்னால் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். மூடியைத் திறந்து அம்மன் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். சிறு கடைச்சலை எடுத்தபோது சிரித்தார். "பேர்தான் போலி. வேலை அசல்." பிறகு அவருடைய விரல்கள் பெட்டியின் மூலைகளைத் தடவத் தொடங்கின.

"குமிழ் எங்க?"

எறிந்துவிட்டேன் என்றேன்.

"ஊசியள்? குடைக்கம்பி? வில்லு?"

எல்லாவற்றுக்கும் அதே பதில்தான்.

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மேசையில் பளபளத்துக்கொண்டிருந்த சுவிஸ் சாமான்களைக் காட்டி, "இதுகளைக் காசு குடுத்தால் இண்டைக்கும் வாங்கலாம் பிள்ளை" என்றார். அவ்வளவுதான்.

பிறகு ஒவ்வொன்றாக விளக்கினார். மின்சாரம் இல்லாத காலத்தில் எரிந்துபோன மின்குமிழின் உள்ளீட்டை எடுத்து, தண்ணீர் நிரப்பி, வாயை மெழுகால் அடைத்து, ஜாம் போத்தல் விளக்குக்கு முன்னால் தொங்கவிட்டாராம். சிறு சுடரின் வெளிச்சம் குமிழுக்குள்ளால் குவிந்து மணிக்கூட்டின் மேல் ஒரு சதமளவு வட்டமாக விழும். கண் வில்லையைப் பற்றிப் புத்தகம் புத்தகமாகப் படித்த நான், என் கைக்கு வந்த ஒரு வில்லையைக் குப்பையில் போட்டிருக்கிறேன். ஐரோப்பாவில் பின்னல் சரிகை பின்னிய பெண்களும் இதே போலத் தண்ணீர்க் குமிழ் வைத்து வேலை செய்தார்கள் என்று பின்னர் வாசித்தேன். ஐயா அதை எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. கல் துளைகளைத் துடைக்க வெளிநாட்டில் இருந்து வரும் மென்மரக் குச்சி வராதபோது ஈர்க்கைச் சீவினார். அச்சு முனையைக் குத்தித் துடைக்க மேல்நாட்டார் ஒரு செடியின் உட்சோற்றைப் பயன்படுத்துவார்கள். அது முடிந்தபோது பழைய மாலையில் இருந்த நெட்டியை எடுத்தார். துளையூசி முறிந்தபோது தையல் ஊசியைத் தீட்டினார். நான் எறிந்தது ஐந்து வருடத் தடைக்காலத்தின் முழு வரலாறு. அதற்கு வேறு பிரதி இல்லை.

பெட்டியை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "காலமையிலைதான் கை நடுங்காது. எனக்கு எல்லாம் தேவையில்லை" என்றார். அப்போது எனக்கு எங்கள் தீவின் கல்வெட்டு ஞாபகம் வந்தது. முதலாம் பராக்கிரமபாகு 12ஆம் நூற்றாண்டில் தமிழில் பொறிப்பித்த நயினாதீவுக் கல்வெட்டு, உடைந்த கப்பல்களைப் பற்றிப் பேசுகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்கு ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் சரிபாதி அரசுக்கு, சரிபாதி உடையவனுக்கு. கரை ஒதுங்கியது என்பதற்காக முழுவதும் எடுத்தவனுக்கு ஆகிவிடாது. இதைச் சொன்னேன். ஐயா வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப நீர் அரசாங்கமோ?" என்றார். அன்றைக்கே பாதியாகப் பிரித்தோம். சாவணங்களும் அடிகம்பிப் பெட்டியும் அவரோடு போயின. கடைச்சலும் அரங்களும் என்னோடு இருக்கின்றன. என் பாதிக்கு அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: கண்ணாடி அலுமாரிக்குள் வைக்கக் கூடாது, வேலை செய்ய வேண்டும்.

அப்படித்தான் நான் நாற்பது வயதுக்கு மேல் மாணவியானேன். வடக்கு யன்னலுக்குப் பக்கத்தில் நெஞ்சளவு உயரத்துக்கு ஒரு மேசை செய்வித்தோம். முதல் பாடம் மணிக்கூடு அல்ல. ஒரு குடைக்கம்பியில் திருப்புளி செய்ய வேண்டும். கம்பியைச் செந்நிறமாகக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் கண்ணாடிபோல இறுகும்; ஆனால் முறியும். அதைத் துலக்கி மறுபடியும் மெதுவாகச் சூடாக்க வேண்டும். உருக்கின் மேல் நிறங்கள் வரும்: முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு மண்ணிறம், பிறகு ஊதா, பிறகு நீலம். வெட்டும் உளிக்கு மஞ்சளில் நிறுத்த வேண்டும். திருப்புளிக்கு ஊதாவும் நீலமும் சந்திக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு விநாடி பிந்தினால் முழுவதும் மெதுவாகிவிடும். நான் பதினொரு கம்பிகளைப் பழுதாக்கினேன். சத்திரசிகிச்சைக் கூடத்தில் என் கைக்கு நல்ல பெயர் உண்டு. ஐயாவின் மேசையில் என் கை முதலாம் வகுப்புப் பிள்ளையின் கை. பன்னிரண்டாவது கம்பி சரிவந்தது. அந்தத் திருப்புளியால் அம்மம்மாவின் பழைய மணிக்கூட்டில் ஒரு ஆணியைக் கழற்றியபோது எனக்கு வந்த சந்தோசம், அடுக்கி வைத்த எந்தப் பெட்டியும் தராதது.

மின்குமிழையும் புதிதாகச் செய்தோம். இது எல்.இ.டி. காலம், பழைய இழைக்குமிழ் தேடி அலைந்தேன். உள்ளீட்டை எடுக்கும்போது மூன்று உடைந்தன. நாலாவது இப்போது யன்னலில் தொங்குகிறது.

இது எங்கள் தீவுக்கு மட்டும் உரிய கதை அல்ல. ஜோர்ஜ் டானியல்ஸ் என்ற ஆங்கிலேயர் ஐல் ஒவ் மான் என்ற தீவில் இருந்துகொண்டு, பழைய கைப்பொறிகளையும் வைத்து, மணிக்கூட்டின் ஏறக்குறைய எல்லாப் பகுதிகளையும் தன் கையாலேயே செய்தார். அவர் கண்டுபிடித்த புதிய இயக்க முறையை ஒமேகா நிறுவனம் 1999இல் தன் கைமணிக்கூடுகளில் சேர்த்தது. ரெபேக்கா ஸ்ட்ரதர்ஸ் என்ற பெண், பிரித்தானியாவில் தொழில் செய்துகொண்டே மணிக்கூட்டியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் மணிக்கூட்டுத் தொழிலாளர். அவரும் கணவரும் பழைய கருவிகளைத் தங்கள் பட்டறையில் இன்றும் வேலைக்கு எடுக்கிறார்கள். 2020இல் சுவிற்சர்லாந்து, பிரான்ஸ் எல்லைப்புற மக்களின் மணிக்கூட்டுத் தொழில் அறிவை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்ந்தது கருவியல்ல, கையறிவு என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்றையும் தங்கைமார் அறிய வேண்டும். பழைய சட்டைப்பை மணிக்கூடுகளுக்குள் குதிரை மயிர் போல மெல்லிய ஒரு சங்கிலி இருக்கும். 1790 அளவில் இங்கிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் ஊரில் அந்தச் சங்கிலித் தொழில் பெருகியபோது, அதைச் செய்தவர்களில் பலர் வறியோர் விடுதியில் இருந்த சிறுமிகளும் வறிய பெண்களும். உங்கள் வயதுகூட இல்லாத பிள்ளைகள், கண் கெட, ஒவ்வொரு கண்ணியாகப் பொருத்தினார்கள். மணிக்கூட்டின் முகப்பில் முதலாளியின் பெயர் இருந்தது. அவர்களின் பெயர் எங்கும் இல்லை. பெயர் பொறித்ததை வைத்துக்கொண்டு பெயர் இல்லாததை எறிவது நான் தொடங்கிய பழக்கம் அல்ல.

அதனால் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக ஒரு காட்சிக்கூடம் அமைக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. நல்ல யோசனை. ஆனால் கண்ணாடி அலுமாரிகளோடு ஒரு வேலை மேசையும் அங்கே இருக்கட்டும். என் பங்குக்கு வந்த அரங்களை அந்த மேசைக்குத் தருகிறேன். சனிக்கிழமைகளில் வரக்கூடியபோது வந்து, எனக்குத் தெரிந்த கொஞ்சத்தைச் சொல்லித் தருகிறேன்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் இருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் அப்பாவின் பெட்டியோ மாமியின் தையல் சாமானோ பெரியப்பாவின் கம்பவுண்டர் தராசோ இருக்கலாம். அதை இங்கே அனுப்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதைப் பிடித்த கை இன்னும் உயிரோடு இருந்தால், பக்கத்தில் போய் உட்காருங்கள். "இதை எப்பிடிப் பிடிக்கிறது?" என்று கேளுங்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். அதைவிட, நீங்களே ஒரு தடவை பிடித்துப் பாருங்கள். அந்தக் கை இல்லாவிட்டால், பெட்டியின் அடியில் கிடக்கும் பெயர் தெரியாத கம்பியையும் துணியையும் எறியாமல் வையுங்கள். என்னவென்று தெரிந்தவர் ஒருவர் வரக்கூடும்.

உனக்கேன் இந்த வேலை என்று கேட்ட சிநேகிதிகளுக்கு இப்போது சொல்லும் பதில் எளியது: நான் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஐயா சுகமாக இருக்கிறார். காலையில் இரண்டு மணித்தியாலம் வேலை செய்கிறார். இந்த விழாவுக்கு வரும்படி கேட்டேன். பட்டணத்துச் சனக்கூட்டம் சரிவராது என்றுவிட்டார். நேற்று மாலை தொலைபேசியில், வரும் ஞாயிறு தீவுக்கு வரும்போது நல்ல முற்றின ஈர்க்காக ஒரு கட்டு கொண்டுவரச் சொன்னார். இந்த வளவுக்குள்ளே தென்னை நிற்கிறது. அதிபர் அம்மா அனுமதித்தால், போகும்போது எடுத்துக்கொண்டு போவேன்.